ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் மிஸ்டு கால் கணக்கும்

கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் டீமின் பொதுக் குறிப்புகள் இருக்கும் கான்ஃப்ளூயன்ஸ் பக்கத்தில் எழுதுவதே குறைந்துவிட்டது. லூம் செயலியில் திரையைக் காட்டிப் பேசிப் பதிவு செய்து, அதை அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். நான் போட்ட 5 நிமிட வீடியோவை டவுன்லோட் செய்து பார்த்தால் 20 எம்பிதான். என் மகளின் ஆண்டு விழா நடனத்தை போனில் எடுத்தேன், ஒரே ஒரு நிமிடம், 120 எம்பி! இரண்டும் 1080பி. மீதி எங்கே போனது?"

முதல் பாதி எனக்குத் தெரிந்த கதைதான். கான்ஃப்ளூயன்ஸை உருவாக்கிய அட்லாசியன், 2023-இல் சுமார் 97.5 கோடி டாலர் கொடுத்து லூமை வாங்குகிற அளவுக்கு இந்தப் பழக்கம் பரவிவிட்டது. அது நல்லதா என்று பிறகு புலம்புகிறேன். இப்போதைக்கு அந்த "மீதி".

கணக்கைப் போட்டுவிடுவோம். 1920 × 1080 என்றால் 20,73,600 பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, 6.2 எம்பி. விநாடிக்கு 30 பிரேம் வீதம் 5 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 56 ஜிபி. அதுதான் 20 எம்பி ஆகியிருக்கிறது, 2,800-இல் ஒரு பங்கு. அதிலும் குரல் வழக்கமான 128 கிலோபிட் தரத்தில் இருந்தால் அதுவே 5 எம்பி கொண்டுபோய்விடும். ஆக, படத்துக்கு 15 எம்பி.

இந்த வேலையைச் செய்வது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை. 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264தான் இன்னும் எங்கும் புழங்குகிறது. விபி9, ஏவி1 எல்லாம் அதற்குப் பின் வந்தவை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. முந்தைய பிரேம் கையில் இருக்கிறது. அதை வைத்து இந்தப் பிரேமை எப்படி வரைவது என்ற குறிப்பை மட்டும் எழுதி வைத்தால் போதும்.

இனி கொஞ்சம் மெதுவாகப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எச்.264 ஒவ்வொரு பிரேமையும் 16 × 16 பிக்சல் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. 1080பி பிரேமில் குறுக்கே 120, நெடுக 68, மொத்தம் 8,160 கட்டம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பக்கம் அசையவில்லை, மவுஸ் அம்பு மட்டும் ஒரு பட்டனை நோக்கி நகர்கிறது. அம்பு சின்னது. பழைய இடத்தில் ஏறக்குறைய 4 கட்டம், புதிய இடத்தில் 4 கட்டம். மீதி 8,152 கட்டங்களில் ஒரு பிக்சல்கூட மாறவில்லை.

மாறாத கட்டத்துக்கு என்ன எழுத வேண்டும்? "மாறவில்லை" என்று ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1. அப்படியானால் 8,152 பிட், அதாவது ஒரு கிலோபைட். சரி, மலிவுதானே என்று தோன்றும். கோடெக் அதையும் கொடுக்காது.

செல்போன் கட்டணம் நிமிடக் கணக்கில் இருந்த காலத்தில் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்போமே, நினைவிருக்கிறதா? "பத்திரமாக வந்துவிட்டேன்" என்று அர்த்தம். காசு கிடையாது. அந்தச் செய்தி எதிர்பார்த்த செய்தி, அதனால் இலவசம். பஸ் பிரேக் டவுன் என்றால்தான் பேச வேண்டும், காசு கொடுக்க வேண்டும். எதிர்பார்த்ததைச் சொல்ல ஆகும் செலவு குறைவு, எதிர்பாராததைச் சொல்ல அதிகம். தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானன் 1948-இல் கணிதமாக எழுதி வைத்ததன் சாரம் இதுதான்.

ஆனால் ஒரு பிட்டை எப்படி உடைப்பது? பாதி பிட் என்று ஒன்று உண்டா? உண்டு, தனியாக எழுதாமல் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து எழுதினால். 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு கோடு போடுங்கள். அதில் "மாறவில்லை" என்பதற்கு 98 விழுக்காடு இடம், "மாறியது" என்பதற்கு 2 விழுக்காடு. முதல் கட்டம் மாறவில்லையா, அந்த 98 விழுக்காட்டுத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிப் போடுங்கள். இரண்டாவது கட்டமும் மாறவில்லையா, இருக்கிற துண்டில் மறுபடி 98 விழுக்காடு. இப்படிச் சுருக்கிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சும் துண்டுக்குள் விழும் ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிட்டால் போதும். பிரித்துப் படிப்பவர் அதே கோட்டை அதே விகிதத்தில் வெட்டிக்கொண்டே வந்து எல்லா விடைகளையும் எடுத்துவிடுவார். துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நீளமான எண் வேண்டும். துண்டு பாதியானால் ஒரு பிட் கூடும். 0.98-ஐ 0.98-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். பாதியாக 34 முறை ஆகும். அதாவது 34 கட்டம் மாறாமல் இருந்தால் மொத்தச் செலவு ஒரே ஒரு பிட்!

8,152 கட்டத்துக்கு 240 பிட். 30 பைட். ஓவர்ஹெட் எல்லாம் சேர்த்தாலும் 50 பைட்டைத் தாண்டாது. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட். 6.2 எம்பி பிரேமின் அசையாத பகுதி முழுவதும் எஸ்எம்எஸ்ஸில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கை முதல் தடவை போட்டுப் பார்த்த அன்று நான் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பக்கத்தை ஸ்கிரோல் செய்தால்? எல்லாப் பிக்சலும் மாறிவிடுகிறது, ஆனால் எல்லாம் சேர்ந்து 40 பிக்சல் மேலே போயிருக்கிறது, அவ்வளவுதான். "இந்தக் கட்டம் முந்தைய பிரேமில் 40 பிக்சல் கீழே இருந்தது" என்று முதல் கட்டம் சொல்கிறது. அடுத்த கட்டம் இடப்பக்கத்திலும் மேலேயும் இருக்கும் அண்டை வீடுகளைப் பார்த்து, "அவர்கள் போன வழியே நானும்" என்கிறது. இதுவும் எதிர்பார்த்த செய்திதான், ஏறக்குறைய அதே மிஸ்டு கால் விலை. கீழே புதிதாகத் தலைகாட்டும் இரண்டு மூன்று வரிகளுக்கு மட்டும்தான் உண்மையான செலவு. மவுஸ் வீலை வெடுக்கென்று சுழற்றினால் கதை வேறு. கோடெக் தேடுகிற தூரத்தைத் தாண்டி எழுத்து ஓடிவிடும். எங்கே போனது என்று தெரியாமல், கைவசம் இருக்கிற கொஞ்சப் பிட்டை வைத்து அவசரமாக வரையும். அதனால்தான் அந்த அரை விநாடி எழுத்து கலங்கி, பிறகு தெளிகிறது.

இனி மகளின் நடனத்துக்கு வருவோம். ஜிகினா பாவாடை, மடிப்பு மடிப்பாக ஆடும் மேடைத் திரை, வண்ண விளக்கு, இருட்டில் எடுத்த படத்தின் புள்ளி புள்ளி இரைச்சல், போதாததற்குக் கூட்டத்தில் நின்று எடுத்த உங்கள் கை நடுக்கம். 8,160 கட்டங்களில் ஒன்றுகூட "அப்படியே இருக்கிறேன்" என்று சொல்லாது. அந்த 120 எம்பி நியாயமான விலைதான்.

ஊகம் எப்போதும் முழுக்கச் சரியாக இருக்காது. ஊகத்துக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் அனுப்ப வேண்டும். அதை மெதுவான அலை, வேகமான அலை என்று பிரித்து, கண்ணுக்குப் படாத வேக அலைகளை வெட்டிவிடுகிறார்கள். இதற்கு டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இந்த யோசனையை எழுதி, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிதாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் கருத்து என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். நிதி இல்லாமலேயே மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து வேலையை முடித்து, 1974 ஜனவரியில் வெளியிட்டார். ஜேபெக் படத்தில் இருப்பது அதுதான், எச்.264-இல் இருப்பது அதன் முழு எண் வடிவம். நம்மூர் ஆய்வு விண்ணப்பங்களில் "எதிர்பார்க்கப்படும் உடனடிப் பயன்" என்று ஒரு பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். 1972-இல் அந்தப் பெட்டியில் "50 வருஷம் கழித்து ஆபீஸில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்ய உதவும்" என்று யாரால் எழுதியிருக்க முடியும்?

எழுத்து என்றால் இந்த அலை வித்தைக்கு ஆகவே ஆகாது. வெள்ளையில் சட்டென்று கறுப்பு வெட்டினால் அதை வரைய வேக அலைகள்தான் வேண்டும், அவற்றைத்தான் வெட்டிப் போட்டாயிற்றே. விளைவு, எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய அழுக்கு மொய்க்கும். பொறியாளர்கள் இதைக் 'கொசு இரைச்சல்' என்கிறார்கள், நான் வைத்த பெயர் இல்லை. சிவப்பு எழுத்து இன்னும் மோசம்: நம் கண் நிறத்தை விட வெளிச்சத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதால், நான்கு பிக்சலுக்கு ஒரே நிறம் என்று சேமிப்பதுதான் வழக்கம். எச்சரிக்கையைச் சிவப்பில் போட்டு வீடியோ எடுப்பவர்கள் கவனிக்க.

ஏவி1 இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் 'க' எத்தனை தடவை வருகிறது? முதல் 'க'வை மட்டும் வரைந்துவிட்டு, அடுத்த 'க' வரும்போது "அதே பிரேமில் மேலே அந்த இடத்திலிருந்து எடுத்து ஒட்டு" என்கிறது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர் செய்த வேலை! ஒரே சிக்கல், இரண்டு 'க'வும் பிக்சல் பிக்சலாக ஒன்றாக இருந்தால்தான் இதில் முழு லாபம். எழுத்துரு ஓரத்தை மழுக்கும் விதத்தில் இம்மி மாறினாலும் கோடெக்குக்கு அது வேறு எழுத்து. அது படிப்பதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது.

என் புலம்பலும் அங்கேதான். போன மாதம் ஒரு சர்வரில் எந்தப் போர்ட் (இணைப்பு வாசலின் எண்) என்று தேடினேன். பக்கத்தில் கண்ட்ரோல் எஃப் அடித்தால் பூஜ்யம். 11 நிமிட வீடியோ ஒன்று இருந்தது, அதற்குள் எங்கோ நண்பர் அதைச் சொல்லியிருக்கிறார். ஸ்லைடரை இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தயக்கம். காரணம், எதையும் சாராமல் முழுசாக வரைந்த கீ பிரேம் சில விநாடிக்கு ஒன்றுதான் இருக்கும். எக்ஸ்264 என்கிற பிரபலமான மென்பொருளில் தானாக அமையும் உச்ச இடைவெளி 250 பிரேம், 8 விநாடிக்கும் மேல். 6:37-க்குப் போக வேண்டும் என்றால் அதற்கு முந்தைய கீ பிரேமுக்குப் போய், "அப்படியே, அப்படியே, அம்பு மட்டும் நகர்ந்தது" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். தானாக எழுதித் தரும் வசனத்தில் தேடலாமே என்றால், நண்பர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசியதை அது கேட்ட விதம் தனிக்கதை. எங்கே கிளிக் செய்வது என்று காட்ட வீடியோ. போர்ட் எண்ணைச் சொல்ல ஒரு வரி எழுத்து. 5 நிமிடம் பேசியதைத் தமிழில் தட்டச்சு செய்தால் 20 கேபிகூட வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசகி கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: மேலாளர் எப்போதும் வீடியோவை ஸிப் செய்து அனுப்பச் சொல்கிறாராம், "பாதியாகிவிடும்" என்று. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பது மாதிரி, இது நம் ஆபீஸ்களின் நம்பிக்கை. ஸிப் செய்வதும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்துச் சுருக்குவதுதான். கோடெக் ஏற்கெனவே பிழிந்த கரும்பில் அதற்கென்ன கிடைக்கும்? என்னிடமிருந்த ஒரு ரெக்கார்டிங்கை ஸிப் செய்து பார்த்தேன். சில கேபி குறைந்தது. அனுப்பிய பத்து நிமிடத்தில், போனில் அது திறக்கவில்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மிஸ்டு கால் இல்லை, முழு கால்தான்.