குடும்பக் கார் வாங்குகிறீர்களா? பின்னிருக்கையிலிருந்து கணக்குப் பாருங்கள்

கார் வாங்கப் போகிற உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், எத்தனை ஏர்பேக் இருந்தால் போதும்?" நான் கோலாலம்பூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர். சாலை விபத்துகளில் சிக்கியவர்களைப் பார்க்காமல் எங்கள் வாரம் முடிவதில்லை. அதனால் எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்கிறேன்: உங்கள் காரின் பின்னிருக்கையில் யார் உட்காரப் போகிறார்கள்?

நம் வீடுகளில் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா ஓட்டுவார். தாத்தாவோ அம்மாவோ முன்னால் இருப்பார்கள். பின்னால் பாட்டி, இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவர் முன்னிருக்கைக்காரர். ஓட்டிப் பார்ப்பதும் அவர்தான். திரை எவ்வளவு பெரியது, ஸ்டியரிங்கில் என்னென்ன பொத்தான் இருக்கிறது, சக்கரத்தின் விளிம்பு எத்தனை அங்குலம் என்று அவர் கண்ணுக்கு எட்டியதைப் பார்த்து முடிவெடுக்கிறார். பின்கதவைத் திறந்து, நடு இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஒரே காரில் வந்த குடும்பத்தை ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கும்போது நாங்கள் முதலில் கேட்பவற்றில் இரண்டு: யார் எங்கே உட்கார்ந்திருந்தார்? பெல்ட் போட்டிருந்தாரா? காயம் எங்கே இருக்கும் என்பதை இந்த இரண்டு பதில்களே பாதி சொல்லிவிடும். பெல்ட் போட்டிருந்த ஓட்டுநர் நெஞ்சில் குறுக்கே ஒரு சிராய்ப்போடு நடந்து வருவதையும், அதே காரின் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தவர் தலைக்காயத்தோடு தள்ளுபடுக்கையில் வருவதையும் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நின்றால், பெல்ட் இல்லாத உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்கு நிகரான அடி அது. பின்னால் இருப்பவர் முன்னிருக்கையின் முதுகில் மோதும்போது, பெல்ட் போட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்த முன்னிருக்கைக்காரரையும் சேர்த்து நசுக்குகிறார்.

மலேசியாவில் முன்னிருக்கை பெல்ட் 1979-லிருந்து கட்டாயம். பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1-ஆம் தேதி சட்டம் வந்தது. முன்னால் அது பழக்கமாகிவிட்டது. பின்னால் இன்னும் ஆகவில்லை. "இங்கே செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத்தானே போகிறோம்" என்கிறார்கள். ஊருக்குள் ஓடும் வேகம்தான் அந்த 50 கிலோமீட்டர்.

சரி, பின்னிருக்கையில் எதைப் பார்ப்பது? முதலில் நடு இருக்கையின் பெல்ட். பழைய கார்கள் சிலவற்றில் நடுவில் இருப்பவருக்கு இடுப்புக்கு மட்டுமே பட்டை உண்டு, தோளுக்கு இல்லை. மோதும்போது உடல் அந்தப் பட்டையை மையமாக வைத்து இரண்டாக மடிகிறது. குடல் கிழிவதும், இடுப்புக்கு மேலே முதுகெலும்பு பிளப்பதும் இந்த வகை பெல்ட்டோடு சேர்ந்து வரும் காயங்கள். வெளியே வயிற்றில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரியும். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். எனவே எல்லா இருக்கைக்கும், நடுவுக்கும் சேர்த்து, தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மும்முனை பெல்ட் இருக்க வேண்டும். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின் வோல்வோவுக்காக அதை வடிவமைத்தது 1959-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பாட்டிக்கோ பிள்ளைக்கோ பாதி பெல்ட் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழு பேர் உட்காரும் வண்டி என்றால் மூன்றாவது வரிசையையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தலைத்தாங்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வயதானவர்களுக்கு விலா எலும்பும் மார்பெலும்பும் எளிதில் முறியும். பெல்ட்டின் இழுப்பாலேயே முறிவதும் உண்டு. அதற்காக பெல்ட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மோதும் கணத்தில் தொய்வை இழுத்துக்கொண்டு, பிறகு அளவாக நெகிழ்ந்து கொடுக்கும் பெல்ட்டுகள் இருக்கின்றன. பல கார்களில் அந்த வசதி முன்னிருக்கையில் மட்டுமே உண்டு. பின்னிருக்கையிலும் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் நேராகக் கேளுங்கள். தெரியாது என்றால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் போடக்கூடாது. வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிப் போட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிப் பூசை போடுகிறோம். பூசை முடிந்ததும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறுகிறோம். தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் எது என்று கேட்பவர்களிடம் நான் கணக்கைச் சொல்கிறேன். 8 கிலோ குழந்தை, 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் கணத்தில், 150 முதல் 200 கிலோ எடைக்கு நிகராகக் கையை விட்டு இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அன்பில் குறை எதுவும் இல்லை; தசைக்கு அந்த வலு கிடையாது. தாய் பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய உடல் எடையும் குழந்தையின் மேல் விழும்.

குழந்தை இருக்கை 2020 முதல் இந்த நாட்டில் சட்டம். அதன் விலையைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். குழந்தை இருக்கையைக் காரோடு நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்த இருக்கையில் இருக்கின்றன, குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையை ஏற்கனவே வாங்கியிருந்தால் விற்பனைக் கூடத்துக்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பின்னோக்கி வைக்கும் கைக்குழந்தை இருக்கையைப் பொருத்திய பிறகு முன்னிருக்கைக்காரரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது என்றால், அது உங்கள் குடும்பத்துக்கான கார் இல்லை. இடம் போதவில்லை என்று அந்த இருக்கையை முன்னால் மாற்றவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரிவது கண் இமைப்பதற்குள் நடந்து முடியும். அது குழந்தை இருக்கையின் முதுகில் அடித்தால் உயிரே போகலாம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. பெரியவர்களுக்கான பெல்ட் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் விழும். கழுத்தை அறுக்கிறது என்று பிள்ளை பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். அப்போது மீதி இருப்பது நான் மேலே சொன்ன அதே பாதி பெல்ட். உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை இதைத் தீர்க்கும். அதன் விலை ஒரு டயரின் விலையைவிடப் பெரிதாக இருக்காது.

இப்போது பணக் கணக்கு. ஒரே மாடலில் கீழ் ரகத்துக்கும் மேல் ரகத்துக்கும் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுக் கடன், 3 விழுக்காடு நிலையான வட்டி என்றால், மாதத்துக்கு ஏறக்குறைய 47 வெள்ளி கூடும். அந்த 47 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. தோல் இருக்கையும் பளபளப்பான விளிம்பும் என்றால் வேண்டாம். ஜன்னலோரம் திரைபோல் விரியும் பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கும் தானியங்கி அவசர பிரேக்கும் என்றால், கடன் வாங்கியாவது எடுங்கள் என்பேன். திரை ஏர்பேக் பின்னிருக்கை ஜன்னல் வரை நீள்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் மோதும்போது கதவுக்கும் தலைக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை. அவசர பிரேக், முன்னே செல்லும் வண்டியில் பின்னாலிருந்து மோதும் விபத்துகளை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்பது அமெரிக்கக் காப்புறுதி ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் ஊர்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒன்றை மட்டும் எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்: இ.எஸ்.சி. எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு. மழையில் காராக் நெடுஞ்சாலையின் வளைவில் வண்டி வழுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து அது நேர்ப்படுத்தும். தனி வாகன விபத்தில் உயிர் போகும் வாய்ப்பை அது ஏறக்குறைய பாதியாக்குகிறது என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு. மலேசியாவில் 2018 முதல் புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு இது கட்டாயம். அதற்கு முன் வந்த மாடல்களின் கீழ் ரகங்கள் சில, இது இல்லாமலேயே அதன் பிறகும் விற்பனையாயின. பழைய கார் வாங்குபவர்கள் ஆண்டை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம்.

நட்சத்திரங்களைப் பற்றியும் கேட்பார்கள். தென்கிழக்காசியாவில் விற்கும் புதுக் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஆசியான் என்கேப் அமைப்பு தரும் ஐந்து நட்சத்திரம் மதிப்புள்ளதுதான். ஆனால் எந்த ஆண்டு தரப்பட்டது, எந்த ரகத்துக்கு என்று பாருங்கள். விதிகள் காலத்துக்குக் காலம் கடுமையாகின்றன. 2021 முதல் 2025 வரைக்கான விதிமுறையில், மொத்த மதிப்பெண்ணில் குழந்தைப் பாதுகாப்புக்கு 20 விழுக்காடும், மோட்டார்சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்கு 20 விழுக்காடும் இருந்தன. இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள். கார் வாங்கும் வீட்டிலேயே கல்லூரிக்கு மோட்டாரில் போகும் பிள்ளை இருப்பான். பக்கத்தில் மறைந்து வரும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் வசதி எங்கோ ஒரு வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளையைக் காக்கும்.

வாங்கிய பிறகு நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. பெல்ட் போடாவிட்டால் அலறும் ஒலியை அடக்க, கொக்கி மட்டும் தனியாகச் சில வெள்ளிக்கு விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். இருக்கையின் ஓரத்தில் ஏர்பேக் இருக்கும் கார்களில், அதற்கென்று தைக்காத உறையை இழுத்துப் போர்த்தினால் பை விரிய முடியாது. டாஷ்போர்டில் பிள்ளையார் வைப்பது நம் வழக்கம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டாதீர்கள். பை வெடிக்கும்போது சிலை அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குத்தான் வரும். நடுவில், மூடிக்கு அப்பால் வையுங்கள்.

பழைய கார் என்றால் இன்னும் இரண்டு வேலைகள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவில்லை என்றாலும் நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விபத்தில் வெடித்த பையை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டி விற்பதும் நடக்கிறது. அடுத்தது, அடிச்சட்ட எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய நிறுவனமான தக்காத்தா தயாரித்த ஏர்பேக்குகளில், பையை விரிக்கும் வெடிபொருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் காலப்போக்கில் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் சிதறிய விபத்துகளில் மலேசியாவிலும் உயிர்கள் போயின. நம் தட்பவெப்பம் அதற்குத் தோதானது. மாற்றித் தருவது இலவசம். முந்தைய உரிமையாளர் போகாமல் விட்டிருக்கலாம்.

கடைசியாக, விற்பனையாளர் சொல்வார்: "கீழ் ரகம் கையிருப்பில் இருக்கிறது, அடுத்த வாரமே எடுக்கலாம், மேல் ரகத்துக்கு இரண்டு மாதம் ஆகும்." தீபாவளிக்குப் புதுக் காரில் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ ஊர் திரும்ப வேண்டும் என்ற ஆசையில் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒன்பது ஆண்டு ஓட்டப்போகிற வண்டி. இரண்டு மாதம் காத்திருங்கள். குழந்தை இருக்கையை மட்டும் இப்போதே வாங்கி, கையில் இருக்கும் காரில் பொருத்திவிடுங்கள்.