‘ஏன்’ என்று கேட்டால் எந்தப் பெட்டியைக் கொடுப்பது?

ஆன்லைன் தேர்வு தயாரிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதலில் வரும் கேள்வி, “தானாகத் திருத்திக்கொள்ளுமா?” என்பதுதான். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது நியாயமான கேள்வி. ‘ஏன்’, ‘எப்படி’, ‘விளக்குக’ என்று வரும் வினாவுக்கும் அதையே முதலில் கேட்டால், திருத்துவதற்கு வசதியான விடைப் பெட்டிக்குள் மாணவரின் சிந்தனையைத் திணிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

‘பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பது ஏன்?’ என்ற வினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இதைக் கூகுள் ஃபார்ம்ஸில் ‘ஷார்ட் ஆன்சர்’ வகையில் போட்டு, விடையாக “அடர்த்தி குறைவாக இருப்பதால்” என்று கொடுத்துவைக்கிறார்கள். ஃபார்ம்ஸ் பொருளைப் பார்க்காது. நாம் கொடுத்த விடையோடு எழுத்துக்கள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். “நீரைவிடப் பனிக்கட்டியின் அடர்த்தி குறைவு” என்று இன்னும் தெளிவாக எழுதிய மாணவிக்குப் பூஜ்யம் விழும். போதாததற்கு அது ஒற்றை வரிப் பெட்டி. செல்போனில் எழுதும்போது வரியின் தொடக்கம் இடப்பக்கம் நகர்ந்து மறைந்துவிடும். தான் எழுதியதைத் தானே முழுதாகப் பார்க்க முடியாதவர் எப்படி விளக்குவார்?

மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஷார்ட் ஆன்சர் விடையில் நட்சத்திரக் குறி போட்டு *அடர்த்தி* என்று கொடுத்தால், அந்தச் சொல் எங்கே வந்தாலும் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் “அடர்த்தி அதிகமாக இருப்பதால்” என்று நேர் எதிராக எழுதியவருக்கும் அதே மதிப்பெண்தான். விளக்கத்தைச் சொல்லைத் தேடித் திருத்த முடியாது. அதற்குரிய இடம் ஃபார்ம்ஸில் ‘பேராகிராஃப்’, மூடுலில் ‘எஸ்ஸே’. இரண்டையும் ஆசிரியர்தான் படித்து மதிப்பெண் போட வேண்டும். அந்த வேலைக்குத் தயாராக இல்லையென்றால் ‘விளக்குக’ என்று கேட்காமல் இருப்பதே மேல்.

நம் பாடப்புத்தகங்களில் வரும் ‘கூற்று – காரணம்’ வகையைச் சிலர் மாற்றாக வைக்கிறார்கள். அது நல்ல வகைதான். ஆனால் எழுதிக் கொடுத்த காரணம் சரியா என்று கண்டுபிடிப்பது வேறு, காரணத்தைத் தானே யோசித்து எழுதுவது வேறு. பின்னதைச் சோதிக்க வேண்டுமானால் எழுத இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

நான் அதிகம் பரிந்துரைப்பது இரண்டையும் சேர்ப்பது. முதலில் தெரிவு வினா: ‘ஒரே பனிக்கட்டியை இரண்டாக உடைத்தால் சிறிய துண்டு மிதக்குமா, மூழ்குமா?’ அடுத்து ஒரு பேராகிராஃப் பெட்டி: ‘உங்கள் விடைக்கான காரணத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள்.’ முதல் பகுதியைக் கணினி திருத்தும். இரண்டாவதில்தான் உண்மை தெரியும். “லேசாக இருப்பதால் மிதக்கும்” என்று எழுதியவர் முதல் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். எடைக்கும் அடர்த்திக்கும் உள்ள வேறுபாடு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதை அந்தப் பெட்டி மட்டும்தான் காட்டும்.

அளவு வரம்பு வைப்பவர்கள் தமிழின் கணக்கைக் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. பெரும்பாலான மென்பொருளுக்கு ஐந்து, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ஆங்கில வினாத்தாளில் இருந்த 300 எழுத்து வரம்பை அப்படியே தமிழுக்குப் போட்டால், பிள்ளை பாதி வாக்கியத்தில் நிற்கும். சொல் வரம்பில் சிக்கல் தலைகீழ். ‘மிதந்துகொண்டிருப்பதால்தான்’ என்பது ஒரே சொல். குறைந்தது 50 சொல் என்று வைத்தால், தேவையானதை எழுதி முடித்தவரும் இடத்தை நிரப்ப எதையாவது சேர்ப்பார். வினாவிலேயே ‘இரண்டு மூன்று வாக்கியம்’ என்று சொல்லிவிடுவது எவ்வளவோ நல்லது.

அப்புறம் தட்டச்சு. தமிழில் வேகமாகத் தட்டத் தெரியாத மாணவருக்கு விளக்க வினா, தட்டச்சுத் தேர்வாகிவிடும். படம், சமன்பாடு தேவைப்படும் வினா என்றால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். ஃபார்ம்ஸில் கோப்பு பதிவேற்றும் வகை இருக்கிறது. ஆனால் அதற்கு மாணவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். வீட்டில் அப்பாவின் போனில் எழுதுபவரை நினைத்து, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திருத்தும் நேரத்தைத் தேர்வுக்கு முன்பே கணக்குப் போடுங்கள். 60 பேர், ஆளுக்கு மூன்று விளக்கம், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலே மூன்று மணி நேரம். அதனால் ஒரு தேர்வுக்கு ஒரே ஒரு விளக்க வினா போதும் என்பது என் கருத்து. மதிப்பெண் உடனே தெரியும் அமைப்பை மாற்றி, நீங்கள் படித்து முடித்த பிறகு வெளியாகும்படி வையுங்கள். ஒரு மாணவரின் தாள் முழுவதையும் படித்துவிட்டு அடுத்தவருக்குப் போகாமல், ஒரே வினாவுக்கு எல்லாருடைய விடைகளையும் தொடர்ந்து படியுங்கள். ஃபார்ம்ஸ் விடைகளை வினாவாரியாகவே காட்டும். அளவுகோல் ஒரே சீராக இருக்கும். ஒரே தவறு எத்தனை பேரிடம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் கண்ணில் படும். அந்தத் தவறான விடைகளைக் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு மதிப்பெண் வினா தயாரிக்கும்போது, நாம் உட்கார்ந்து கற்பனையில் எழுதும் தெரிவுகளைவிட அவை நன்றாக வேலை செய்யும்.