குளவி போடும் கணக்கு

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறாராம். “கொழுந்தெல்லாம் கொத்துக் கொத்தா சுருண்டு போச்சு. மூணு தடவை மருந்து அடிச்சாச்சு, அடங்கலை. ஏதோ குளவி விட்டா சரியாகும்னு சொல்றாங்க. ஒரு பூச்சியை அடக்க இன்னொரு பூச்சியா? அது நாளைக்கு வேற பயிரைத் தின்னாதா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆத்தூரிலிருந்து ஆப்பிரிக்கா வரை போய்வர வேண்டியிருக்கிறது. அந்தக் குளவி நம் ஊருக்கு வந்ததும் அந்த வழியாகத்தான்.

மரவள்ளியின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மழை தவறினாலும் விளையும், மண் மோசமாக இருந்தாலும் விளையும், தேவைப்படும்போது தோண்டிக்கொள்ளலாம் என்பதால் ஏழை வீடுகளுக்கு அதுவே மண்ணுக்கடியில் இருக்கும் களஞ்சியமாகிவிட்டது. காங்கோவில் கிழங்கு மட்டுமல்ல, இலையையும் இடித்து ‘போண்டு’ என்ற கீரையாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். 1970-களில் சுமார் 20 கோடி ஆப்பிரிக்கர்களுக்கு மரவள்ளி அன்றாடச் சாப்பாடு.

அந்தக் காலத்தில்தான், 1973 வாக்கில், காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள கின்ஷாசா, பிரசாவில் பகுதிகளில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. தென்னமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த நடவுக் குச்சிகளோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சொந்த ஊரில் அதைத் தின்ற எதிரிகள் கூடவே வரவில்லை. இளஞ்சிவப்பு உடம்பு, மேலே வெள்ளை மெழுகுப் பொடி. இந்த இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், இணை சேராமலே ஒவ்வொன்றும் நானூறு முட்டை வரை வைக்கும். காற்றில் ஒரே ஒரு குஞ்சு பறந்துபோய் அடுத்த வயலில் விழுந்தாலும் போதும், ஒரு மாதத்தில் அங்கே ஒரு குடும்பம் உருவாகிவிடும்.

கொழுந்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும்போது அதன் எச்சில் செடிக்குள் போகிறது. கணு இடைவெளி குறுகி, நுனி கொத்தாகச் சுருண்டு, இலைகள் உதிர்ந்து, கடைசியில் குச்சி மட்டும் நிற்கும். சில இடங்களில் 80 சதவீதம் வரை விளைச்சல் போனது. அதைவிடக் கொடுமை, அடுத்த ஆண்டு நடுவதற்கு நல்ல குச்சி கிடைக்கவில்லை. நெல் பொய்த்தால் விதைநெல்லை வெளியூரிலிருந்து மூட்டையில் கொண்டுவரலாம். மரவள்ளிக் குச்சி அப்படியில்லை. வெட்டிய சில வாரங்களில் காய்ந்துவிடும். பசி அடுத்த ஆண்டுக்கும் நீண்டது.

சரி, மருந்து அடிக்கலாமே? மெழுகுப் பொடியும் சுருண்ட இலையும் மருந்தை உள்ளே விடாது. அரை ஏக்கரில் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயிர் வைப்பவரிடம் மருந்துக்கும் தெளிப்பானுக்கும் காசும் கிடையாது. மிச்சமிருந்தது ஒரு வழிதான்: பூச்சியின் சொந்த ஊருக்குப் போய், அங்கே அதை அடக்கி வைத்திருப்பது எது என்று கண்டுபிடிப்பது.

நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1979-இல் இந்த வேலைக்கு ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளரைச் சேர்த்தது. மத்திய அமெரிக்காவிலிருந்து தெற்கே வரை தேடல் நடந்தது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயற்கை எதிரி நன்றாக வேலை செய்யும் இடத்தில் பூச்சி அரிதாகத்தான் இருக்கும். அதாவது, தேட வேண்டிய இடத்தில்தான் அது கண்ணில் படாது! முதலில் தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளி மீது ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அது மஞ்சள் நிறம், அதில் ஆணும் உண்டு. வேறு இனம். அதைத் தின்னும் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவில்லை. 1981-இல்தான் கொலம்பியாவில் வேலை பார்த்த பூச்சியியலாளர் டோனி பெலோட்டி பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டார். அதனோடு சேர்ந்து கிடைத்தது அனாகைரஸ் லோபெசி என்ற குளவி.

குளவி என்றதும் கொட்டுகிற பெரிய குளவியை நினைக்க வேண்டாம். இது ஒன்றரை மில்லிமீட்டர் கூட இருக்காது. கடுகை விடச் சிறியது. நம்மைக் கொட்டாது, செடியைத் தின்னாது. அதன் குஞ்சு வளர ஒரே ஒரு இடம்தான் உண்டு: உயிருள்ள மாவுப்பூச்சியின் வயிறு.

போன ஆண்டு ஒரு வயலில் மரவள்ளிக் கொழுந்தை ஒடித்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி மேசைமேல் வைத்திருந்தேன். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே சில மட்டும் பழுப்பாக, உப்பலாக, அசையாமல் இருந்தன. உள்ளே குளவிப் புழு வளர வளர மாவுப்பூச்சியின் தோல் இறுகிக் கூடாகிவிடும். ‘மம்மி’ என்பார்கள். நாலாம் நாள் காலை ஒரு மம்மியின் ஓரத்தில் ஏதோ அசைவது தெரிந்தது. லென்சை வைத்துப் பார்த்தால், உள்ளேயிருந்து ஒரு வாய் வட்டமாகக் கடித்துக்கொண்டே வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. தலை வந்தது, உணர்கொம்பு வந்தது, ஈரச் சிறகோடு ஒரு கரிய புள்ளி வெளியே வந்து தன் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அன்று வேறு வேலை ஓடவில்லை.

வெளியே வந்த பெண் குளவிக்கு முதல் வேலை, மாவுப்பூச்சி இருக்கும் செடியைத் தேடுவது. அதில் மரவள்ளியே உதவுகிறது. பூச்சி தாக்கிய செடி ஒரு தனி வாசனையை விடுகிறது. பூச்சி உட்காராத இலைகளிலிருந்துகூட அந்த வாசனை வருகிறது. குளவி அதைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குகிறது. அப்புறம்தான் எனக்கு அலுக்கவே அலுக்காத காட்சி. மாவுப்பூச்சியின் மேல் உணர்கொம்புகளால் தட்டித் தட்டிப் பார்க்கும். திரும்பி நின்று, முட்டையிடும் ஊசியால் குத்திப் பார்க்கும். இது என்ன அளவு என்று அளக்கிறது. ஏன் அளக்க வேண்டும்?

தேனீ, எறும்பு, குளவி இனங்களில் ஆணுக்கு அப்பா கிடையாது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். இணை சேர்ந்த தாய்க் குளவி ஆணிடமிருந்து பெற்ற விந்தணுக்களை வயிற்றில் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கும். முட்டை வெளியே போகும் வழியில் அந்தப் பையிலிருந்து விந்தணுவை விட்டால் மகள். விடாமல் அடைத்தால் மகன். ஒவ்வொரு முட்டைக்கும் அந்தக் கணத்தில் தாய் முடிவு செய்கிறாள்.

அந்த முடிவுக்குத்தான் அளவெடுப்பு. ஒரு மாவுப்பூச்சிக்குள் வளரும் குஞ்சுக்கு அது மட்டுமே வாழ்நாள் உணவு. சின்னப் பூச்சிக்குள் வளர்ந்தால் சின்னக் குளவிதான் வரும். ஆண் குளவி சின்னதாக இருந்தால் பெரிய நஷ்டமில்லை, இணை சேர முடியும். பெண் சின்னதாக இருந்தால் வயிற்றில் முட்டைகள் குறைந்துவிடும். அதனால் தாய்க் குளவி சிறிய, இரண்டாம் பருவப் (ஒரு முறை மட்டும் தோலுரித்த) பூச்சியைக் கண்டால் பெரும்பாலும் மகனை வைக்கும். மூன்றாம் பருவமோ வளர்ந்த பூச்சியோ கிடைத்தால் மகளை வைக்கும். மிகச் சின்னதாக இருந்தால் முட்டையே வைக்காமல், குத்திய இடத்தில் கசியும் சாற்றைக் குடித்துவிட்டுப் போகும். அதிலும் அந்தப் பூச்சி சாகும்.

‘அழகான உயிரியல் விஷயம்தான், பசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று தோன்றலாம். சம்பந்தம் இங்கேதான். பராகுவேக் குளவியோடு, அதே குடும்பத்தில் இன்னொரு குளவியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பெயர் அனாகைரஸ் டைவர்சிகார்னிஸ். அதையும் வளர்த்து ஆப்பிரிக்க வயல்களில் விட்டார்கள். லோபெசி பரவிக்கொண்டே போனது. மற்றது ஆப்பிரிக்காவில் எங்கேயும் நிலைக்கவில்லை. இரண்டும் ஒரே மாவுப்பூச்சியைத்தானே தாக்குகின்றன?

வித்தியாசம் மகளுக்கு வேண்டிய பூச்சியின் அளவில் இருந்தது. டைவர்சிகார்னிஸ் இன்னும் பெரிய பூச்சியைக் கண்டால்தான் மகளை வைக்கும். ஒரு கொழுந்தில் நூறு மாவுப்பூச்சி இருக்கிறது, பெரும்பாலும் நடுத்தர அளவு என்று வைத்துக்கொள்வோம். லோபெசிக்கு அவற்றில் நிறைய ‘மகளுக்கு ஏற்றவை’. டைவர்சிகார்னிசுக்கு அதே பூச்சிகள் ‘மகனுக்குப் போதும்’. அடுத்த தலைமுறையில் முட்டையிடப் போவது மகள்கள்தான். ஒன்றின் கூட்டம் பெருகுகிறது, மற்றதில் ஆண்களாக நிறைந்து வம்சம் தேய்கிறது. லோபெசி வேலை செய்யச் செய்ய, பெரிதாக வளரும் வரை தப்பிக்கிற மாவுப்பூச்சிகளும் குறையும். அதனால் மற்றதற்கு மகள் வைக்க இடமே இல்லாமல் போனது.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. குளவி வந்த பிறகும் சில வயல்களில் மட்டும் மாவுப்பூச்சி அடங்கவில்லை. போய்ப் பார்த்தால், எருவோ, மண்மேல் சருகு பரப்பும் மூடாக்கோ இல்லாத, சத்து வற்றிய மணல் நிலங்கள். அங்கே மரவள்ளி நோஞ்சானாக இருக்கும். அதில் வளரும் மாவுப்பூச்சியும் நோஞ்சான். சின்னப் பூச்சி என்றால் குளவிக்கு ஆண் குஞ்சுகள் அதிகம், பெண் குறைவு. அதனால் பூச்சியைப் பிடிக்க ஆள் போதவில்லை. மண்ணுக்கு எரு போட்டு மூடாக்கு பரப்பினால் செடி தேறும், பூச்சி கொழுக்கும், அதே காரணத்தால் குளவிக்கு மகள்கள் கூடும், பூச்சி அடங்கும். மண்ணில் போடும் ஒரு கூடைக் குப்பைக்கும் கொழுந்தில் இருக்கும் பூச்சிக்கும் நடுவில் ஒரு குளவியின் முடிவு உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் பிரித்துச் சொன்னவர்களில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்து ஜாக் வான் ஆல்ஃபெனும், ஆப்பிரிக்காவில் ஹெரனோடு வேலை பார்த்த பீட்டர் நோயன்ஷ்வாண்டரும் முக்கியமானவர்கள். ‘குளவி எந்தப் பூச்சியில் ஆண் முட்டை வைக்கிறது’ என்ற தலைப்பில் ஆய்வுக்குப் பணம் கேட்டால் நம் ஊர்க் குழுக்கள் என்ன சொல்லும் என்று நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘விவசாயிக்கு உடனடிப் பயன் என்ன?’ என்ற ஒரு கேள்வியில் அந்த விண்ணப்பம் நின்றுபோகும். ஆனால் எந்தக் குளவியை நம்பலாம், எந்த நிலத்தில் அது தோற்கும் என்ற பதில்கள் அந்த ஆய்வுகளிலிருந்துதான் வந்தன.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பராகுவேயில் பிடித்த குளவிகள் நேராக ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. லண்டனில் தனிமைப்படுத்தி, வேறு நோயோ ஒட்டுண்ணியோ கூட வரவில்லை என்று பார்த்த பிறகே இபாதானுக்கு அனுப்பினார்கள். 1981-இல் நைஜீரியாவில் முதல் முறையாக விட்டார்கள். அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் விட்டார்கள். எட்டாத இடங்களுக்குச் சிறிய விமானத்திலிருந்தும் விட்டார்கள். சில ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நிலைத்துவிட்டது, பெரும்பாலான வயல்களில் மாவுப்பூச்சி ஒரு பொருட்டே இல்லாமல் போனது. 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பலன் என்று பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் நோர்கார்ட் 1988-இல் கணக்கிட்டார். அந்தப் பலன் யாருடைய விற்பனைக் கணக்கிலும் ஏறவில்லை. குளவி தானாகப் பெருகுகிறது, தானாகப் பறக்கிறது, விவசாயி இரண்டாம் முறை எதையும் வாங்க வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலையை எந்தக் கம்பெனியும் எடுத்துச் செய்யாது. பொதுப் பணம்தான் செய்ய வேண்டும்.

அதே மாவுப்பூச்சி 2008-இல் தாய்லாந்தில் தலைகாட்டியது. அடுத்த ஆண்டே அவர்கள் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்தார்கள். 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் தெரிந்தது. பின்பு சேலம், நாமக்கல் என்று ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகும் வட்டாரமெல்லாம் பரவியது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-இல் பெனினிலிருந்து குளவியை வரவழைத்து, சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. பராகுவேயில் பிடித்த குளவியின் வம்சம் நாற்பது ஆண்டு கழித்து வசிஷ்ட நதிக்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

‘வேற பயிரைத் தின்னாதா’ என்ற கேள்வி நியாயமானது. யோசிக்காமல் செய்தால் விபரீதம் ஆகும். 1935-இல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஒரு தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது, இன்றுவரை அங்கே பெரும் தொல்லை. தேரை கிடைத்ததையெல்லாம் விழுங்கும் பிராணி. லோபெசியின் குஞ்சு அப்படியில்லை. இந்த மாவுப்பூச்சி இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை. பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். நமக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2008-இல் கோவையில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த வேறொரு சிறு குளவிதான் அடக்கியது. பப்பாளி, மல்பெரி வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆத்தூர் நண்பருக்கு: அடுத்த மருந்துக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் பத்துச் செடிகளின் சுருண்ட கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே பழுப்பாக உப்பிய மம்மியும், ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டையும் இருந்தால் குளவி உங்கள் வயலுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அப்போது மருந்து அடித்தால் மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பிக்கும், குளவிதான் முதலில் சாகும். அடிக்காதீர்கள். மம்மி ஒன்றுகூட இல்லை என்றால் ஏத்தாப்பூர் நிலையத்தில் குளவி கேளுங்கள். இரண்டில் எதுவானாலும், கரும்புத் தோகையோ காய்ந்த சருகோ கிடைத்தால் செடிக்கு அடியில் மூடாக்கு போடுங்கள். அடுத்த நடவுக்குக் குச்சி வெட்டும்போது சுருண்ட நுனியுள்ள செடியிலிருந்து வெட்டாதீர்கள். மம்மி கிடைத்தால் ஒன்றைப் பாட்டிலில் போட்டு, துணி கட்டி, பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலோரம் வையுங்கள்.