பத்து நிமிடத் தண்ணீர்

"இன்னா சார், வந்த ஒடனே தண்ணி காலியா?"

வியாசர்பாடியில் குடிசைகள் எரிந்த ஒரு மதியம், லுங்கியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது. தீயணைப்பு வண்டியில் பம்ப் பக்கம் நிற்பவன் நான். கூட்டத்தின் திட்டு முதலில் வந்து விழுவது என் தலையில்தான். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அத்தனை பெரிய சிவப்பு வண்டியைப் பார்த்தால் உள்ளே ஒரு குளமே இருப்பதாகத்தான் தோன்றும்.

வழக்கமான வண்டியின் டேங்க் 4,500 லிட்டர். தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 9,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரியில் சரிபாதி. ஒரு ஹோஸில் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்து நிமிடம் தாங்கும். இரண்டு ஹோஸ் என்றால் ஐந்தே நிமிடம்.

அந்தப் பத்தும் முழுசாகக் கிடைக்காது. சந்து முனையில் நாலு பைக், ஒரு மீன்பாடி வண்டி. எங்கள் வண்டி வெளியிலேயே நின்றுவிடும். 15 மீட்டர் ஹோஸ்களை ஒன்றோடொன்று மாட்டி 150 மீட்டர் இழுக்கிறோம் என்று வையுங்கள். 63 மில்லிமீட்டர் குழாய் அந்த நீளத்துக்கு நிரம்பவே 460 லிட்டருக்கு மேல் பிடிக்கும். டேங்கில் பத்தில் ஒரு பங்கு, தீயின் மேல் ஒரு சொட்டுகூட விழாமல் குழாய்க்குள்ளேயே நிற்கும். போகப் போக அழுத்தமும் இறங்கும். ஓரமாகத்தானே நிறுத்தினேன் என்று பைக்காரர் சொல்வார்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது, காசிமேட்டில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே கேள்விதான்: "பக்கத்துலயே கடல் கீது, தண்ணிய அள்ளிக் கொட்டுற அந்த ப்ளேன் நம்மகிட்ட இல்லியா?" கனடாவின் சிஎல்-415 விமானம் நீர்ப்பரப்பை உரசியபடி பறந்து, 12 விநாடியில் சுமார் 6,100 லிட்டரை அள்ளிக்கொள்ளும். டிசி-10 சுமார் 35,000 லிட்டர் சுமக்கும். நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரில் தொங்கும் வாளி 3,500 லிட்டர்வரை கொள்ளும், அதாவது என் வண்டியைவிடக் குறைவு. 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத்தீக்கு வந்தது அதுதான். இதெல்லாம் காட்டுக்குச் சரி. ஆறு டன் தண்ணீர் மேலிருந்து கொட்டினால் நம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் என்னாகும்? அதோடு, கூரைக்கு அடியில் எரியும் தீயை வானத்திலிருந்து எட்டவும் முடியாது.

101-க்கோ 112-க்கோ அழைக்கும்போது இடத்தோடு எரிவது என்ன என்றும் சொல்லுங்கள். தண்டையார்பேட்டை, மணலிப் பக்கம் எரிவது எண்ணெய் என்றால் வெறும் தண்ணீர் அதைப் பரப்பிவிடும்; நுரை வண்டி வேண்டும்.

நாங்கள் வந்ததும் தேடுவது அடுத்த தண்ணீரைத்தான். சுமார் ஏழு மீட்டர் ஆழம்வரை என் பம்ப் உறிஞ்சிவிடும். ஆனால் உறிஞ்சும் குழாய் விறைப்பானது, நீளமும் குறைவு. வண்டி சம்ப்புக்கு, அதாவது கட்டடத்தின் தரையடித் தண்ணீர்த் தொட்டிக்கு, பக்கத்திலேயே நின்றாக வேண்டும்.

அன்று அந்தப் பெரியவர்தான் எதிரே இருந்த அடுக்குமாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். சம்ப் மூடிமேல் ஒரு கார். சாவியோடு ஓனர் வேலைக்குப் போயிருந்தார். எட்டுப் பேர் சேர்ந்து காரை நகர்த்துவதற்குள் என் டேங்க் வற்றிவிட்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், கழுத்துவரை தண்ணீர்.