கூடப்பிறந்தாலும் வருத்தம் வேறு

கிழக்கிலங்கையில், கல்முனையிலோ ஆரையம்பதியிலோ ஒரு வீட்டில் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். இரண்டு பேருக்கு நாற்பதிலேயே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மற்ற இருவர் அறுபதிலும் சுகமாக இருக்கிறார்கள். வளர்ந்த வீடும் ஒன்று, தாய் தகப்பனும் ஒன்று. ‘பரம்பரை’ என்று சொல்லிவிட்டால் மட்டும் இது விளங்காது.

ஒரு மரபணுவின் வேலையை இன்னொன்று கூட்டவும் குறைக்கவும் முடியும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயில் இது அப்பட்டமாகத் தெரியும். ஈமோகுளோபினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்ற புரதச் சங்கிலிகள் சமமாக வேண்டும். ஆல்ஃபா மரபணுக்கள் 16ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன, பீட்டா 11இல். பீட்டா பழுதானால், சோடியில்லாமல் மிஞ்சும் ஆல்ஃபா சங்கிலிகள் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. அதே பிள்ளைக்கு ஆல்ஃபாவிலும் ஒரு மரபணு குறைந்து பிறந்தால்? இரண்டு பழுதும் சேர்ந்து வருத்தத்தைக் கூட்டும் என்றுதான் நினைப்போம். நடப்பது மறுவளம். மிஞ்சுவது குறைவதால் வருத்தமும் பெரும்பாலும் தணிகிறது.

சீனி வருத்தத்தில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்களுக்குப் பங்குண்டு. அவற்றை எப்படித் தேடுவது? கிளினிக்குக்கு வருபவர்களையும் வெளியில் உள்ள சுகதேகிகளையும் ஒப்பிட்டால், இரு கூட்டத்தின் பூர்வீகமும் வேறாக இருந்தாலே பொய் வித்தியாசம் காட்டும். குடும்பத்துக்குள் தேடினால் அந்தத் தொல்லை இல்லை. தாயிடம் ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்கள் இருந்தால், பிள்ளைக்கு எது போகும் என்பது காசைச் சுண்டுவதுபோல, பாதிக்குப் பாதி. நோயுள்ள பிள்ளைகளில் ஒரு வடிவம் பாதியைத் தாண்டி வந்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. பிள்ளைக்குப் போகாத வடிவமே ஒப்பீட்டுக்கு நிற்கிறது, கெட்டிக்கார யோசனைதான். 1993இல் மரபியலாளர் ஸ்பீல்மனும் சகாக்களும் முதலாம் வகை நீரிழிவில், இன்சுலின் மரபணுப் பகுதியை வைத்து இதைச் செய்து காட்டினார்கள்.

மரபணுக்களின் கூட்டு வேலையைப் பிடிக்க, நோயுள்ள பிள்ளைகளை இரண்டாவது மரபணுவின்படி பிரித்து, முதலாவது பாதியைத் தாண்டிச் சாயும் அளவு இரு பக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சொல்ல லேசு. 5 லட்சம் இடங்களைச் சோடி சோடியாகப் பார்த்தால் ஏறத்தாழ 12,500 கோடி சோடிகள். நூற்றுக்கு ஐந்து தவறு போகட்டும் என்று விட்டால், தற்செயலாகவே 625 கோடி சோடிகள் ‘பொருந்தும்’. அதனால்தான் வரம்பை மிகக் கடுமையாக வைக்கிறார்கள்; அதற்கு ஏராளமான குடும்பங்கள் தேவை.

இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் பிந்தித்தான் வருகிறது. அதற்குள், மரபணு பார்க்க வேண்டிய தாய் தகப்பன் பல வேளை போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்போது நோயில்லாத சகோதரங்களை வைத்தே ஒப்பிடுவார்கள். சகோதரங்களைத் தேடுவது கிழக்கில் லேசு. இந்தப் பக்கத்தில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி. (மரபணு குடி பார்ப்பதில்லை, பாதி தகப்பனுடையது; கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குள் இருக்கும் டி.என்.ஏ. மட்டும் தாய்வழியே வரும்.) வீடுவளவு பெண்ணுக்கே சீதனமாகப் போவதால் அக்கா தங்கச்சிமார் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்து வளவில்தான் இருக்கிறார்கள். இரத்த மாதிரி எடுக்க வருபவருக்கு ஒரே ஒழுங்கைக்குள் பாதிக் குடும்பம் கிடைத்துவிடும். கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போன ஆண் பிள்ளைகளைத்தான் தேடிப் போக வேண்டும்.