டேங்க்கில் தண்ணீர் ஏறினால், பெட்ரோல் எங்கே போகும்?

பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்றால், தட்டில் டீசலைக் கொளுத்தித் தீயணைப்பானால் அணைத்துக் காட்டி, போட்டோ எடுப்பதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. அதுவும் வேண்டியதுதான். நான் போகிற பங்க்கில் முதலில் கேட்பது, நிலத்தடி டேங்க்கின் இருப்பைத் தினமும் எழுதும் டிப் ரிஜிஸ்டரை.

காலையில் டேங்க்கில் மட்டம் பார்க்கும் அளவுகோலான டிப் ராடை விடும் பையனுக்கு அது வெறும் கணக்கு வேலை. நேற்றைய இருப்போடு வந்த லோடைக் கூட்டி, விற்பனையைக் கழித்தால் வருவதற்கும் ராடு காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் வேரியேஷன். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று மாறி மாறி வந்தால் பெரிதாகக் கவலையில்லை. ஒரே டேங்க் மட்டும் நாள் தவறாமல் குறைத்துக் காட்டினால் 'ஆவியாகியிருக்கும்' என்று எழுதி மூடிவிடாதீர்கள். 5 லிட்டர் அளவையை வைத்து, நாசில் அளவு சரியாக ஊற்றுகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், ஆயில் கம்பெனியிடம் சொல்லி டேங்க்கையும் பைப்லைனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தடயம் கிடைக்கும். ராடின் நுனியில் தடவும் வாட்டர் பேஸ்ட் நிறம் மாறினால் டேங்க் அடியில் தண்ணீர். பெரும்பாலும் லோடு இறக்கும் ஃபில் பைப் மூடியின் கேஸ்கெட் (நீர் புகாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்து மழைநீர் இறங்கியிருக்கும். கேஸ்கெட்டை மாற்றிய பிறகும் அடுத்த மழைக்கு ஏறுகிறதா? நிலத்தடி நீர் உயர்ந்து ஓட்டை வழியாக உள்ளே வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மழையில் தண்ணீரை உள்ளே விடும் ஓட்டை, சித்திரையில் நீர்மட்டம் இறங்கியதும் பெட்ரோலை வெளியே விடும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் ஒரு சிக்கல் உண்டு. கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் எத்தனாலோடு கலந்துவிடும். பழைய பேஸ்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அது நாசில் வழியாகப் போனால் வண்டிகள் வரிசையாக நிற்கும், அப்புறம் சண்டைதான். எத்தனால் பெட்ரோலுக்கான பேஸ்டைக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்த தண்ணீரை மழைநீர் வடிகாலில் கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதில் பெட்ரோல் கலந்திருக்கிறது. டேங்க் அடியில் படியும் கசடோ அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் போக வேண்டும். அதை வழிக்க மேன்ஹோலைத் திறந்து ஆளை இறக்குவது கொலைக்குச் சமம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். திறந்து போட்டாலும் அடியிலேயே கிடக்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கேஸ் சோதனை இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதலில் டீலர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, புதிய பங்க் பள்ளி, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது. கசிவு பற்றியும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை மேனேஜரோடு நிறுத்தாமல், ராடு பிடிக்கும் பையனுக்கும் ராத்திரி ஷிப்டுக்கும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் அந்த டேங்க்கின் விற்பனையை நிறுத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.