வெள்ளையெல்லாம் மெழுகு அல்ல

இந்த மாதத்தில் இது நான்காவது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு போன். "அண்ணே, மெழுகு அடைச்சிட்டு. சைலீன் மூணு தடவை ஓட்டிட்டேன், போவ மாட்டேங்கு." திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் டிஷ்யூ பிராசசர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். நோயாளியிடமிருந்து எடுத்த திசுவை, கெடாமல் வைக்கும் ஃபார்மலின், தண்ணீரை எடுக்கும் ஆல்கஹால், மெழுகைக் கரைக்கும் சைலீன், கடைசியில் உருகிய மெழுகு என்று வரிசையாக ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தயார் செய்யும் மெஷின் அது. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை லேபிலிருந்து எத்தனை தடவைதான் கேட்பது?

போய்ப் பார்த்தேன். இரவு ஃபார்மலின் வடிந்திருக்கிறது, அடுத்த ஆல்கஹால் ஏறவில்லை. குழாயில் அடைப்பு. மெஷின் அலாரம் அடித்துவிட்டு நின்றிருக்கிறது, கேட்க அங்கே ஆள் இல்லை. விடியும்வரை கேசட்டெல்லாம், அதாவது திசு வைத்த சின்னப் பெட்டிகளெல்லாம், திரவம் இல்லாத ரெட்டார்ட்டில், அதாவது திசு ஊறும் பாத்திரத்தில், கிடந்திருக்கின்றன. அதில் ஒன்று, முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவரின் வயிற்று பயாப்ஸி. கடுகளவுத் துணுக்குகள் நான்கும் காய்ந்து சுருண்டிருந்தன. அந்த அம்மா மறுபடி வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து, மறுபடி தொண்டைக்குள் குழாய் விட வேண்டும். அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

அடைத்திருந்தது மெழுகே இல்லை. உப்பு.

நாம் பயன்படுத்தும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் ஒரு லிட்டருக்கு 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 6.5 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் போடுகிறோம், இல்லையா? அந்த உப்பு தண்ணீரில்தான் கரைந்திருக்கும். ஃபார்மலின் முடிந்து குழாயிலும் திசுவிலும் மிச்சம் நிற்கும்போது நேரே 90, 95 சதவீத ஆல்கஹாலை ஏற்றினால் அது அப்படியே வெள்ளையாகத் திரிந்து வால்விலும் சென்சாரிலும் படியும். நம் ஊரில் பல லேபுகளில் ஓடுவது ஐசோபுரொப்பைல், அதிலும் இதே கதைதான். இந்தப் படிவைச் சைலீன் தொடவே தொடாது. மூன்று தடவை இல்லை, முப்பது தடவை ஓட்டினாலும் காசும் மூச்சும்தான் போகும். மெழுகு சைலீனுக்குப் போகும், உப்பு தண்ணீருக்குப் போகும். சந்தேகமாக இருக்கிறதா? கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சம் சுரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் டம்ளரில் போடுங்கள். கரைந்தால் உப்பு, மிதந்தால் மெழுகு. ஒரு நிமிட வேலை, இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

இரண்டிலும் சேராமல் அடியில் கல் மாதிரி ஒட்டிக்கிடக்கிறதென்றால், ஃபார்மலின் எந்தத் தண்ணீரில் கலக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். திசையன்விளைப் பக்கம் ஒரு லேபில் போர் தண்ணீரில் கலந்திருந்தார்கள். வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படிகிற அந்தச் சுண்ணாம்பு பாஸ்பேட்டோடு சேர்ந்தால் என்ன ஆகும்? அது வெறும் தண்ணீரில் கரையாது. மெலிந்த அமிலம் வேண்டும், அது உங்கள் மெஷினுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காமல் ஊற்ற வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், அவ்வளவுதான்.

சரி, இனி என்ன செய்வது. ஃபார்மலினுக்கு அடுத்த ஆல்கஹால் 70 சதவீதத்துக்கு மேல் போகவே கூடாது. நேரம் மிச்சம் என்று அந்தப் படியைத் தூக்குவதால்தான் பாதி அடைப்பு. அந்த முதல் பாட்டிலை அடிக்கடி மாற்றுங்கள், ஃபார்மலினோடு வரும் உப்பெல்லாம் அங்கேதான் சேர்கிறது. சுத்தம் செய்யும்போது வரிசை முக்கியம்: முதலில் சைலீன், அப்புறம் ஆல்கஹால், அப்புறம் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர், ஈரம் நிற்காமலிருக்கக் கடைசியில் மறுபடி ஆல்கஹால். மெழுகு மேலே மூடியிருந்தால் தண்ணீர் உப்பைத் தொடாது, சைலீனும் தண்ணீரும் சேரவும் சேராது, அதனால்தான் நடுவில் ஆல்கஹால். மெஷினிலேயே தண்ணீர் அலசலுக்குத் தனி ப்ரோக்ராம் இருந்தால் அதையே போடுங்கள். வாரம் ஒரு தடவையாவது. திசு உள்ளே இருக்கும்போது அல்ல, அதையும் ஒருவர் செய்திருக்கிறார்.

சென்சாரைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணி போதும். கீறல் விழுந்த சென்சார் அளவைத் தப்பாகக் காட்டும், அப்புறம் மெஷின் பொய் சொல்கிறது என்று என்னைக் கூப்பிடுவீர்கள்.

ராத்திரி ஓட்டத்துக்குப் போடுகிறவர்கள் முதல் ஆல்கஹால் ஏறுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அது ஏற வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் அடைப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு அந்த மெஷினில் திசு போட வேண்டாம்.

நடுவில் நின்றுவிட்டதென்றால் மெஷினோடு மல்லுக்கட்டாமல் முதலில் கேசட்டுகளை வெளியே எடுத்து, கடைசியாக எந்தத் திரவத்தில் இருந்ததோ அதையே ஒரு டப்பாவில் ஊற்றி மூழ்கப் போட்டு மூடி வையுங்கள். காய்ந்திருந்தாலும் தூக்கி எறியாமல் பேத்தாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள், சிலதை மீட்க முடியும். அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள், எத்தனை மணியானாலும் எடுப்பேன்.